முக்திநாத் பாதையில் அண்ணாச்சி

அறுபது வயதைக் கடந்த மனிதருக்கு நம் வீடுகளில் இரண்டு பிரயாணங்களே அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, குடும்பத்தோடு காரில் உட்கார்ந்து குலதெய்வம் கோவிலுக்குப் போய் வருவது. மற்றொன்று, வெளியூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கு மனைவியைக் கொண்டுபோய் விடுவது. மூன்றாவதாக ஒன்றை அவர் பிரஸ்தாபித்தால், "இந்த வயதில் எதற்கு?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து உடனே புறப்பட்டு வரும். என் சிநேகிதர் அண்ணாச்சி பிரஸ்தாபித்ததோ மோட்டார் சைக்கிள் பிரயாணம். அதுவும் நேபாளத்தில், அதுவும் பாதி தூரம் சாலை என்று சொல்லத் தகாத சாலையில். அவர் வீட்டில் கேள்வி எத்தனை உரத்து எழுந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சிக்கு அப்போது வயது 66. மின்சார வாரியத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் திருநெல்வேலிச் சீமையின் மேற்கு மலைகளில் மின்கம்பி போகும் இடமெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்வையிட்டு வருவதே முப்பது வருஷங்களுக்கு மேலாக அவருடைய ஜீவனம். மழைக்காலத்தில் மாஞ்சோலைப் பாதை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அவருடைய தகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். ஏழு வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டிக்குப் பின்னால் என் வண்டியைச் செலுத்தி வந்திருக்கிறேன். கடைசியில் அவருடைய மகள் ஒரு நிபந்தனையோடு சம்மதம் கொடுத்தாள். "வாத்தியார் மாமா கூடப் போய்ப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் போகட்டும்" என்றாள். அண்ணாச்சி அதைக் கேட்டு முகத்தைச் சிறிதும் மாற்றிக்கொள்ளாமல், "ஆமாம், வாத்தியார் என்னைப் பார்த்துக்கொள்வார்" என்றார். அந்த வார்த்தையில் பரிகாசம் இருந்ததா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

2023-ஆம் வருஷம் மே மாதம், கோடை விடுமுறையில் புறப்பட்டோம். சென்னையிலிருந்து ரயிலில் கோரக்பூர். அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. பிறகு இன்னொரு பஸ்ஸில் போக்ரா. எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால்மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். உலகத்தில் பெரும்பாலான தேசங்கள் ஒரு மணி, அரை மணி என்று கணக்கு வைத்துக்கொண்டிருக்க, நேபாளம் மட்டும் நமக்குப் பதினைந்து நிமிஷம் முந்தியிருக்கிறது. "கூலிக்கு வருகிறவன் சீக்கிரம் வந்துவிடுவான், நல்லதுதான்" என்றார் அண்ணாச்சி.

போக்ராவில் இரண்டு 'ஹிமாலயன்' வண்டிகளை வாடகைக்கு எடுத்தோம். 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்பீல்டு கம்பெனியின் வழிவந்தவை அவை. சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் பிறந்து இங்கே வந்து பிழைக்கின்றன. வண்டி ஒன்றின் எடை ஏறக்குறைய 200 கிலோ. அண்ணாச்சி வண்டியை எடுத்ததும் ஓட்டிப் பார்க்கவில்லை. அதைக் கீழே தரையில் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹாண்டிலை ஒரு கையாலும் பின்கம்பியை மறு கையாலும் பற்றி, கால்களை ஊன்றிப் பின்னோக்கி நடந்தே தூக்கி நிறுத்தினார். கடைக்காரர் திகைத்துப் போனார். "விழப்போகிற வண்டியைத் தூக்கத் தெரிந்த பிறகுதான் ஓட்ட வேண்டும். நீரும் தூக்கும், வாத்தியாரே" என்றார் என்னிடம். தூக்கினேன்.

இனி பாதையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். போக்ராவிலிருந்து முக்திநாத் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். நம்மூர் நெடுஞ்சாலையில் காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையே முடிந்துவிடும் தூரம். ஆனால் பேனி என்ற ஊரைத் தாண்டியதும் பாதை காளி கண்டகி நதியின் பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிடுகிறது. நதிக்கு ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி. மறு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. இரண்டு சிகரங்களுக்கும் நடுவே ஆகாய வழியில் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். நதியோ அவற்றுக்கு ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே ஓடுகிறது. உலகத்தின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்று என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த இடம் அதுதான். மலை எழும்புவதற்கு முன்பே நதி அங்கே ஓடிக்கொண்டிருந்தது என்றும், மலை உயர உயர நதி அதை அறுத்துக்கொண்டே வந்தது என்றும் பூகோள நூல்கள் சொல்கின்றன. திபெத்திலிருந்து உப்பும் தெற்கேயிருந்து தானியமும் நூற்றாண்டுகளாகக் கோவேறு கழுதைகளின் முதுகில் இந்த வழியேதான் சென்றன. மோட்டார் வண்டி வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

நாங்கள் போன சமயம் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் தார். சில இடங்களில் முட்டளவு புழுதி. மற்ற இடங்களில் உடைத்துப் போட்ட பாறை. நடுநடுவே மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், பாலம் என்ற மரியாதை எதுவுமின்றிப் பாதையின் குறுக்கே ஓடி நதியில் விழுகின்றன. எதிரே பஸ் வந்தால், மலையோரத்துக்கு யார் ஒதுங்குவது, நதியோரத்துக்கு யார் ஒதுங்குவது என்பது ஒரு பெரிய ராஜீய விவகாரமாகிவிடும்.

இத்தகைய பாதையில் அண்ணாச்சி ஓட்டுகிற முறையை விவரிக்காமல் போனால் இந்தக் கட்டுரை எழுதுவதில் பிரயோஜனமில்லை. அவர் வேகமாக ஓட்டுகிறவர் அல்ல. இளைஞர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர்களில் சிலரை வழியோரத்தில் வண்டியைச் சாய்த்து வைத்துக் கால்முட்டியைத் தடவிக்கொண்டிருக்கக் கண்டோம். அண்ணாச்சி கல் தோன்றியதும் ஆசனத்தைவிட்டு எழுந்து கால்மிதிகளின் மேல் நின்றுகொள்வார். நின்றால் உடம்பின் பாரம் ஆசனத்திலிருந்து கால்மிதிக்கு இறங்கிவிடுகிறது. முழங்கால் இரண்டும் வில்லாகி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. வண்டி அடியில் தன் இஷ்டப்படி ஆடிக்கொள்ளலாம். ஹாண்டிலை இறுகப் பிடிக்கவே மாட்டார். "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடியும். இறுக்கினால் செத்துப்போகும், விட்டால் ஓடிப்போகும்." இரண்டாவது கியரை மாற்றமாட்டார். இறக்கத்தில் கிளட்சைத் தொடமாட்டார். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும் என்று விட்டுவிடுவார். முன் பிரேக்கை இரண்டு விரலால் மட்டும் தடவுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் சொல்வது கண்ணைப் பற்றி. "கல்லைப் பார்த்தால் வண்டி கல்லுக்குத்தான் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போகும். போக வேண்டிய இடத்தைப் பாரும்." கேட்பதற்குச் சுலபமாயிருக்கிறது. இடது பக்கம் நூறடி ஆழத்தில் காளி கண்டகி கறுப்பாகப் புரண்டு ஓடும்போது அதைப் பார்க்காமலிருப்பதற்கு யோகாப்பியாசம் வேண்டும்.

தாத்தோபானி என்ற வெந்நீர் ஊற்று ஊரில் முதல் இரவு. மறுநாள் ரூப்சே அருவிக்குச் சமீபத்தில் ஒரு பெரிய ஓடை குறுக்கிட்டது. எங்களுக்கு முன்னால் ஐந்தாறு வண்டிகள் தயங்கி நின்றன. அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். பூட்ஸைக் கழற்றினார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கையில் ஒரு கழியோடு அந்தப் பனிநீரில் இறங்கி, அக்கரை வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். "மேற்புறம் பெரிய கல். கீழ்ப்புறம் மணல் வாரிக்கொண்டு போகிறது. நடுவிலே, அந்தச் சிவப்புப் பாறைக்கு நேராகப் போனால் முழங்காலுக்குக் கீழேதான் ஆழம்" என்று அறிக்கை சமர்ப்பித்தார். பிறகு பூட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் தாண்டிப் போனார். நின்றவர்கள் அனைவரும் அவர் போன தடத்திலேயே ஒவ்வொருவராகப் போனோம். ஒரு வடநாட்டு இளைஞன் அக்கரையில் அவர் காலைத் தொட்டு வணங்கியபோது அவருக்கு வந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே!

காசாவுக்கு மேலே காடு மாறுகிறது. வாழையும் நெல்லும் போய்ப் பைன் மரங்கள் வருகின்றன. கலோபானியில், ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில், இரண்டாம் இரவைக் கழித்தோம். அதற்கு மேலே பள்ளத்தாக்கு அகன்று, கூழாங்கல் பரந்த வெள்ளை மைதானமாகிவிடுகிறது. மரம் குறைந்து மலைகள் நிர்வாணமாக நிற்கின்றன. மழைமேகத்தைத் தெற்கேயுள்ள சிகரங்கள் தடுத்துவிடுவதால் இது மழை காணாத பிரதேசம். வழியிலுள்ள துக்குச்சே ஒரு காலத்தில் உப்பு வியாபாரத்தால் செழித்த ஊர். 1950-இல் மொரீஸ் எர்சோக் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கே முகாமிட்டுத்தான் தவளகிரிக்கு வழி தேடினார்கள். வழி கிடைக்காமல் அன்னபூர்ணாவுக்குத் திரும்பி, அவ்வருஷம் ஜூன் 3-ஆம் தேதி அதன் உச்சியை அடைந்தார்கள். அடுத்த ஊரான மார்ஃபாவில் வீடுகளுக்கு வெள்ளையடித்து, சந்துகளுக்குக் கல் பாவி, கல்லுக்கு அடியில் சாக்கடை ஓடவிட்டிருக்கிறார்கள். ஆப்பிளுக்குப் பேர்போன ஊர். மே மாதமாதலால் மரத்தில் பழம் இல்லை. உலர்ந்த துண்டுகள்தாம் கிடைத்தன.

இந்தப் பிரதேசத்துக்கு எஜமான் காற்று. காலையில் சாதுவாக இருக்கிறது. வெயில் ஏற ஏற, வடக்கேயுள்ள பீடபூமி சூடாகிக் காற்றை இழுக்கிறது. தெற்கேயிருந்து பள்ளத்தாக்கு வழியே அது பாய்ந்து வருகிறது. பத்து, பதினொரு மணிக்குமேல் ஜோம்சோம் பக்கத்தில் மணலை வாரி முகத்தில் அடிக்கும். அதனால்தான் ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டுமே வருகின்றன. அண்ணாச்சியின் அட்டவணையும் விமானத்தின் அட்டவணையும் ஒன்று: ஐந்தரை மணிக்குப் புறப்பாடு, பத்தரைக்குள் தங்குமிடம். மற்றவர்கள் ஒன்பது மணிக்குக் கோதுமை ரொட்டிக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் காக்பேனியை அடைந்தோம். உயரம் ஏறக்குறைய 2,800 மீட்டர். மண்சுவர் வீடுகள், சிவப்பு வர்ணம் பூசிய பழைய மடம், சுற்றிலும் பச்சைப் பசேலென்று பார்லி வயல். நதிப்படுகையில் சாளக்கிராமம் தேடிக்கொண்டு சிறுவர்கள் திரிகிறார்கள். கறுத்த உருண்டைக் கல்லை உடைத்தால் உள்ளே சக்கரம்போல் சுருள் தெரிகிறது. பக்தர்களுக்கு அது திருமாலின் சக்கரம். பூகோளம் கற்றவனுக்கு அது பதினைந்து கோடி வருஷங்கள்போலப் பழமையான ஒரு கடற்பிராணியின் ஓடு. இமயம் எழும்புமுன் இங்கே டெத்திஸ் என்ற சமுத்திரம் இருந்தது. அதன் அடித்தளம்தான் இன்று மலையாக நிற்கிறது. இரண்டு விளக்கங்களையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். கல்லைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடல் இங்கே வந்ததா, இது கடலுக்குப் போனதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என் மாணவர்கள் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

நாலாம் நாள் காலை முக்திநாத்துக்குப் புறப்பட்டோம். இந்தக் கடைசிப் பகுதி, பெரும்பாலும் வழவழப்பான தார்ச்சாலை. மூன்று நாள் கல்லிலும் புழுதியிலும் அடிபட்டு வந்தவர்களுக்கு அது பட்டு விரித்ததுபோல் இருந்தது. வண்டிகள் குதூகலமாக ஏறின. அரைமணி நேரத்துக்குள் தொள்ளாயிரம் மீட்டர் உயர்ந்து, ராணிபௌவா என்ற கடைவீதிக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து கோவிலுக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம் மேலே நடக்க வேண்டும். ஆபத்து அந்த நல்ல சாலையில்தான் காத்திருந்தது.

தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அண்ணாச்சி தேநீர் வேண்டாம் என்றார். ஏழு வருஷங்களில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தேன். நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைவலி, வயிற்றைப் புரட்டுகிறது, எழுந்தால் லேசாகத் தள்ளுகிறது. பக்கத்து மேஜையில் நம் பக்கத்து யாத்திரிகர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். விஷயம் கேட்டு எல்லோரும் பரிவோடு கூடிவிட்டார்கள். "சூடம் முகர்ந்து பாருங்கள்" என்றார் ஒருவர். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும், இத்தனை தூரம் வந்து பெருமாளைப் பார்க்காமல் திரும்புவதா?" என்றார் ஓர் அம்மாள். வைணவர்கள் கொண்டாடும் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் இதுவே என்று கொள்கிறார்கள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். அந்த அம்மாளின் ஆதங்கம் நியாயமானதுதான். குதிரைக்காரன் ஒருவன், ஏறி உட்கார்ந்தால் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாகச் சொன்னான்.

அண்ணாச்சி எல்லோரையும் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இறங்கிவிடுவோம், வாத்தியாரே" என்றார்.

"கோவில் அதோ தெரிகிறது, அண்ணாச்சி."

"தெரிகிறதல்லவா? அது போதும்."

அவர் தாமாக ஓட்டக் கூடாது என்று நான் சொன்னதும் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார். அவருடைய வண்டியைத் தேநீர்க் கடைக்காரரிடம் ஒப்புவித்துவிட்டு, அவரை என் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அத்தனை வருஷ சிநேகத்தில் அவர் என் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. வலது கை என் தோளின்மேல் இருந்தது. வளைவுகளில் நான் கியர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கை லேசாக இறுகிப் பிறகு தளர்ந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் போல நான் ஜாக்கிரதையாக ஓட்டியது கிடையாது. காக்பேனிக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் தலைவலி நின்றது. மாலையில் பருப்பும் சோறும் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "இதெல்லாம் வயசு பண்ணுகிற வேலை" என்றார்.

அது வாஸ்தவமல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் குடும்பங்களிலிருந்து வருஷந்தோறும் ஏராளமானோர் அங்கே போகிறார்கள். 3,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு அதற்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். இந்த உபாதை இளைஞனைத் தாக்கும், கிழவரை விடும். பயில்வானைச் சாய்க்கும், நோஞ்சானை விடும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே இரவு தங்குமிடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று வைத்தியர்கள் விதி சொல்கிறார்கள். தலைவலியோடு குமட்டலும் கிறுகிறுப்பும் சேர்ந்தால் மேலே ஒரு அடி வைக்கக் கூடாது. உட்கார்ந்து சரியாகாவிட்டாலும் மோசமானாலும் இறங்குவதே மருந்து. அலட்சியம் செய்தால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துப் பிராணனுக்கே ஆபத்தாகலாம். போக்ராவில் 800 மீட்டரில் காலையில் விமானம் ஏறி, ஜோம்சோமில் இறங்கி, ஜீப்பில் அன்றைக்கே முக்திநாத் போய்ச் சேருகிறவர்கள் பலர். அறுபது, எழுபது வயதுப் பெரியவர்களை அப்படி அழைத்துப் போகிற ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஜோம்சோமிலோ காக்பேனியிலோ இரண்டு இரவு தங்கவைத்தால் என்ன குறைந்துவிடும்? பெருமாள் எங்கும் போய்விடமாட்டார். இருதய நோய், சுவாச நோய் உள்ளவர்கள் புறப்படுமுன் தங்கள் வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம்.

மறுநாள் அண்ணாச்சியின் வண்டியை எடுத்து வர வேண்டியிருந்ததால் விடியற்காலையில் ஒரு ஜீப்பில் மேலே போனேன். "அப்படியே தரிசனத்தையும் முடித்துவிட்டு வாரும்" என்று அனுப்பினார். எனக்குத் தலைவலி இல்லை. கோவில் சிறியது; பகோடா வடிவத்தில் மூன்று அடுக்குக் கூரை. அதன் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள் கொட்டுகின்றன. பௌத்த பிக்ஷுணிகளும் இத்தலத்தைப் பேணுகிறார்கள். அவர்களுக்கும் இது புண்ணிய க்ஷேத்திரம். சமீபத்திலுள்ள ஜ்வாலாமாயி சந்நிதியில் பூமிக்குள்ளிருந்து கசியும் வாயு, ஓடும் நீரின் அருகே சிறு நீலச் சுடராக எரிந்துகொண்டிருக்கிறது. 108 தாரைகளின் கீழும் ஓடி நனைந்தேன். முப்பதாவது தாரைக்குமேல் எண்ணிக்கை மனத்தில் தங்கவில்லை, பற்கள் அடித்துக்கொண்டதுதான் தங்கியது.

திரும்பும்போது அண்ணாச்சியின் வண்டியில் தனியாக இறங்கினேன். ஆசனம் என் உயரத்துக்கு ஒத்துவரவில்லை. முன்னால் பார்க்க அவருடைய முதுகு இல்லாததால், எந்த வளைவில் எங்கே திரும்புவது என்று ஒவ்வொன்றையும் நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. காக்பேனியில் அவர் என் வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கொண்டுவந்த தீர்த்தத்தைக் கொடுத்தேன். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மிகுதியைத் தலையில் தெளித்துக்கொண்டு, "மணி ஒன்பதாகிவிட்டது. காற்று எழும்புமுன் மார்ஃபா போய்ச் சேரவேண்டும்" என்றார்.

நாங்கள் ஜோம்சோமைத் தாண்டுவதற்குள் காற்று எழும்பிவிட்டது. ஏறும்போது முதுகில் தள்ளிய காற்று, இறங்கும்போது முகத்தில் மோதியது. நதிப்படுகையில் ஒரு வீச்சில் என் வண்டி பக்கவாட்டில் சரிந்து படுத்தது. அண்ணாச்சி தூரத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாரே ஒழிய, இறங்கி வரவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை ஊன்றிப் பின்னோக்கி நடந்து, நானே தூக்கி நிறுத்தினேன்.

போக்ராவில் வண்டிகளை ஒப்புவித்தபோது கடைக்காரர் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து பரிசோதித்தார். என்னுடையதில் வளைந்த கிளட்ச் நெம்புகோலுக்கு ஒரு தொகை வசூலித்துக்கொண்டார். அண்ணாச்சியின் வண்டியில் புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை. "இதை ஓட்டினீர்களா, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனீர்களா?" என்று கேட்டார். அண்ணாச்சி என்னைக் காட்டி, "என்னைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்" என்றார் தமிழில். கடைக்காரருக்கு அதை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.